கூட்டமும் கொள்முதலும்

யாழ்ப்பாணத்து முற்றவெளியிலே தை மாதத்தில் வர்த்தகக் கண்காட்சி கூடும் நாட்களில் எமது வகுப்பிலே பாடம் நடத்துவது எளிதன்று. மாணவரின் உடல் வாங்கிலே இருக்கும். உள்ளமோ கோட்டைக்கு அருகேயுள்ள அத்திடலிலே உலாவிக்கொண்டிருக்கும். அத்தகைய கண்காட்சி ஒன்று முடிந்த மறுநாட் காலை, பொருளியல் வகுப்புக்குள் நாம் நுழைந்ததும் ஒரு மாணவன் எழுந்தான்.

"சேர், மூன்று நாளும் அங்கே கால்வைக்க இடமில்லை. இவ்வளவு சனம் வந்ததென்றால் நாட்டின் பொருளாதாரம் தேறிவிட்டது என்றுதானே அர்த்தம்?" என்று கேட்டான்.

நாம் விடை கூற வாயெடுக்குமுன்னரே பின்வாங்கிலிருந்து மற்றொரு குரல் எழுந்தது.

"2022ஆம் ஆண்டில் பெற்றோல் நிலையத்துக்கு முன்னாலும் கால்வைக்க இடமில்லைத்தானே!"

வகுப்புச் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆயினும், அவ்விரண்டாம் மாணவனின் தந்தையார் அக்கண்காட்சியிலே பனையோலைப் பொருட்களுக்கு ஒரு சிறு கடை போட்டிருந்தார் என்பதை நாம் அறிவோம். ஆதலின், அவனது சொல்லிலே நகைப்போடு வேறொன்றும் கலந்திருந்ததாக எமக்குத் தோன்றியது. அன்றைய பாடத்தை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, அவ்விருவருக்கும் நாம் கூறியவற்றையே இங்கே சற்று விரித்து எழுதுகின்றோம்.

பொருட்காட்சிக்கு வருவோரின் தொகையைக் கொண்டு செல்வநிலையை மதிப்பிடும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. அதற்கு நியாயமும் உண்டு. ஒரு நாட்டின் மொத்த உற்பத்தியைக் கணக்கிட்டு வெளியிடுவதற்குப் பல வாரங்கள் செல்லும். வாயிலிலே விற்ற நுழைவுச் சீட்டுக்களையோ அன்று மாலையே எண்ணிவிடலாம். அன்றியும், வியாபாரி ஒருவர் தமது கடையைப் பூட்டிவிட்டு, வழிச்செலவும் தங்குசெலவும் செய்து, நூறு கட்டை தூரம் பயணஞ்செய்து வருகின்றார் என்றால், வாங்கும் பொருளை நாளை விற்கலாம் என்னும் நம்பிக்கை அவருக்கு இருத்தல் வேண்டும். தொழில் மந்தமடையும்போது கம்பனிகள் முதலிற் குறைக்கும் செலவுகளுள் பயணச் செலவும் ஒன்று. எனவே, வாயிலிலே எண்ணப்படும் தலைகளுக்கும் நாட்டின் உடல்நலத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று கூறுதல் பொருந்தாது.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு இலண்டன் மாநகரிலே 1851ஆம் ஆண்டில் நிகழ்ந்த பெரும் பொருட்காட்சியாகும். ஹைட் பார்க் பூங்காவிலே ஜோசப் பக்ஸ்ரன் என்பவர் வகுத்த கண்ணாடி மாளிகையில், மே 1ஆந் திகதி முதல் ஒக்டோபர் நடுப்பகுதி வரை அது நடைபெற்றது. வருகைகளின் தொகை 60 இலட்சத்தைக் கடந்தது. அக்காலத்துப் பிரித்தானியாவின் சனத்தொகை ஏறக்குறைய 2 கோடி 10 இலட்சமே. புகையிரதப் பாதைகள் நாடெங்கும் பரவியிருந்தன. ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் ஒரு நாட் பயணத்துக்கென்று சிறு தொகையைச் சேமிக்கக்கூடியனவாக இருந்தன. செலவு போக மிஞ்சிய 1 இலட்சத்து 86 ஆயிரம் பவுண் கொண்டு தென் கென்சிங்ரன் பகுதியிலே நூதனசாலைகளுக்கும் கல்வி நிலையங்களுக்கும் நிலம் வாங்கப்பட்டது. இங்கே கூட்டமும் செல்வமும் கைகோத்து நடந்தன எனலாம்.

ஆயினும் ஒன்று கவனிக்கற்பாலது. தொடக்க நாட்களிலே நுழைவுக் கட்டணம் ஒரு பவுண். மே 26ஆந் திகதி தொடக்கம் வாரத்தில் நான்கு நாட்களுக்கு அது ஒரு சிலிங்காகக் குறைக்கப்பட்டது. பெருங்கூட்டம் திரண்டது அதன் பின்னரேயாம். ஆகவே, வாயிலிலே நாம் எண்ணும் தொகையினுள்ளே மக்களின் வசதியோடு அமைப்பாளரின் கட்டண விதியும் ஒளிந்திருக்கின்றது.

அடுத்து, 22 ஆண்டுகள் கழித்து வியன்னாவிலே நடந்ததைக் காண்போம். 1873ஆம் ஆண்டு மே 1ஆந் திகதி, பேரரசர் பிரான்ஸ் யோசப் அங்கே உலகப் பொருட்காட்சியைத் தொடக்கிவைத்தார். இரண்டு கோடி மக்கள் வருவர் என அமைப்பாளர் எதிர்பார்த்தனர். அந்த எதிர்பார்ப்பை நம்பி விடுதிகள் எழுந்தன. புதிய வங்கிகளும் கட்டடக் கம்பனிகளும் முளைத்தன. பங்குகளின் விலை ஏறிக்கொண்டே சென்றது. இன்னும் வந்துசேராத கூட்டத்தைக் காட்டிக் கடன் வாங்கிய காலம் அது. தொடக்கவிழா முடிந்து எட்டே நாளில், மே 9ஆந் திகதி வெள்ளிக்கிழமை, வியன்னாப் பங்குச்சந்தை சரிந்து வீழ்ந்தது. கோடையிலே கொலரா நோயும் நகரிற் பரவியது. ஈற்றிற் கணக்கெடுத்தபோது வந்தோர் தொகை ஏறக்குறைய 72 இலட்சமாகவே இருந்தது. எதிர்பார்த்ததிற் பாதிதானும் இல்லை.

மாணவர்கள் இவ்விடத்திலே சிறிது நின்று சிந்தித்தல் வேண்டும். 72 இலட்சம் என்பது 60 இலட்சத்தினும் பெரிது. தொகையை மட்டும் நோக்குபவர் வியன்னா இலண்டனை வென்றது என்று எழுதிவிடுவார். உண்மையிலோ ஒன்று இலாபத்தோடு முடிந்தது. மற்றது பெரும் நட்டத்தோடு முடிந்தது. அன்றியும், சந்தை சரிந்தது முந்தி. கூட்டத்தின் குறைவு தெரிந்தது பிந்தி. நோயாளி வீழ்ந்த பின்னர் நாடி தளர்ந்தது என்று சொல்வதிலே வைத்தியருக்கு என்ன பெருமை?

அமெரிக்க நாட்டுச் சிக்காக்கோ நகரின் கதை இதற்கு நேர்மாறானது. கொலம்பசு அமெரிக்காவை அடைந்த 400ஆம் ஆண்டு நிறைவை ஒட்டிய பொருட்காட்சி 1893ஆம் ஆண்டு மே 1ஆந் திகதி அங்கே தொடங்கிற்று. அதே வாரத்திலே நியூயோர்க் பங்குச்சந்தை இடிந்தது. அவ்வாண்டிலே நூற்றுக்கணக்கான வங்கிகள் கதவடைத்தன. பெரும் புகையிரதக் கம்பனிகள் முறிந்தன. கூட்டமோ குறையவில்லை. ஒக்டோபர் 9ஆந் திகதியாகிய ஒரே நாளிலே ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் நுழைந்தனர். ஆறு மாதத்தில் வருகைகள் ஏறக்குறைய 2 கோடி 70 இலட்சம். பெரிஸ் என்னும் பொறியியலாளர் அமைத்த மாபெரும் இராட்டினத்தையும் மின்விளக்குகளையும் வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்டுவிட வேண்டும் என்று மக்கள் இருந்ததையும் செலவிட்டு வந்தனர். வாயில் மூடப்பட்டதன் பின் வந்த பனிக்காலத்திலே, அதே நகரில், வேலையும் வீடும் இழந்தோர் நகர மண்டபத்தின் நடைகளிலே படுத்துறங்கினர். ஒக்டோபரின் கூட்டத்தைக் கண்டு சிக்காக்கோ செழித்திருக்கின்றது என்று தீர்ப்புக் கூறியவர் இரண்டே மாதங்களில் தலைகுனிந்திருப்பார்.

இவற்றினும் எமது நெஞ்சைத் தொடுவது ஜேர்மனியின் ஹனோவர் நகரத்துக் கதை. போரிலே தோற்று, நகரங்கள் இடிபாடுகளாய்க் கிடந்த 1947ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே, பிரித்தானிய ஆட்சியாளரின் ஏற்பாட்டில், நகருக்கு அண்மையில் உலோகத் தொழிற்சாலையாக இருந்த மண்டபங்களிலே ஓர் ஏற்றுமதிச் சந்தை கூட்டப்பட்டது. மூன்று வாரங்களில் 7 இலட்சத்து 36 ஆயிரம் பேர் வந்தனர். அந்நாளிலே ஜேர்மனியரின் உணவு கூப்பனுக்குக் கட்டுப்பட்டிருந்தது. சந்தைத் திடலிலோ கூப்பன் இல்லாமலே மீன் வைத்த பணிஸ் வாங்கலாம். ஆதலால் அதற்கு 'மீன் பணிஸ் சந்தை' என்றே மக்கள் பெயரிட்டுவிட்டனர். எந்திரங்களைக் காண வந்தவர் எத்தனை பேர், பசி தீர்க்க வந்தவர் எத்தனை பேர் என்று யார் பிரித்து எண்ண வல்லார்? அப்பெருந்தொகையைச் செல்வத்தின் அளவாகக் கொள்வதினும் பசியின் அளவாகக் கொள்வதே பொருத்தமாகும்.

எனினும், அதே மண்டபங்களிலே மற்றொரு கணக்கும் எழுதப்பட்டது. ஏறக்குறைய 1,300 உற்பத்தியாளர் தம் பொருட்களை வைத்திருந்தனர். பிறநாட்டு வியாபாரிகளோடு 1,934 ஒப்பந்தங்கள் கைச்சாத்திடப்பட்டன. அவற்றின் பெறுமதி 3 கோடி 16 இலட்சம் டொலர். பணிஸ் வாங்க நின்ற வரிசையோடு ஒப்பிடின் ஒப்பந்தம் எழுதியோர் ஒரு பிடி மனிதரே. ஆயினும், அந்நாடு மீண்டும் எழுந்து நடக்கப்போகின்றது என்பதைச் சொல்லும் தொகை அந்தச் சிறு தொகையே ஆயிற்று. அன்று கூடிய சந்தை இன்றும் ஆண்டுதோறும் ஹனோவரிலே கூடுகின்றது.

அந்நகரிலேயே இன்னொரு பாடமும் உண்டு. கணினித் துறைக்கென அங்கே நடந்த 'செபிற்' என்னும் பொருட்காட்சிக்கு 2001ஆம் ஆண்டில் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். ஆனால், அமெரிக்கப் பங்குச்சந்தையிலே கணினிக் கம்பனிப் பங்குகள் உச்சத்தைத் தொட்டுச் சரியத் தொடங்கியது 2000ஆம் ஆண்டு பங்குனியிலாகும். கடைகளுக்கு இடம் பதிவுசெய்வதும் பயணங்களைத் திட்டமிடுவதும் பல மாதங்களுக்கு முன்னரே முடிந்துவிடுவதால், கூட்டம் ஓராண்டு பிந்திய செய்தியைச் சொன்னது. பின்னர் 2018ஆம் ஆண்டிலே அங்கு வந்தோர் ஏறக்குறைய 1 இலட்சத்து 20 ஆயிரம் மட்டுமே. அத்தோடு அப்பொருட்காட்சி நிறுத்தப்பட்டது. அப்போது ஜேர்மனி நலிந்திருந்ததா? இல்லை, இரு ஜேர்மனிகளும் இணைந்த பின்னர் அதுவரை வேலையின்மை மிகக் குறைந்திருந்த ஆண்டு அது. புதிய கருவிகளை வீட்டிலிருந்தே கண்டு தெரிந்துகொள்ளும் காலம் வந்துவிட்டது, அவ்வளவே.

இவ்வாறு நோக்குமிடத்து, கூட்டம் என்பது நாடித் துடிப்பைப் போன்றது. ஓடி விளையாடிய பிள்ளைக்கும் நாடி விரைந்து துடிக்கும். காய்ச்சல் கண்ட பிள்ளைக்கும் விரைந்து துடிக்கும். நல்ல வைத்தியர் நாடியைப் பிடித்தவுடன் மருந்து எழுதுவதில்லை; சில கேள்விகள் கேட்கின்றார். நாமும் மூன்று கேள்விகள் கேட்டல் வேண்டும். வந்தவர் யாவர்? எதற்காக வந்தனர்? திரும்பும்போது எதைக் கொண்டுசென்றனர், அல்லது எதை எழுதிவைத்துச் சென்றனர்?

இத்தொழிலிலே பழகியோர் இவ்வாறே செய்கின்றனர். சீனத்துக் குவாங்சோ நகரில் 1957ஆம் ஆண்டு தொடக்கம் நடைபெறும் கன்ரன் சந்தையிலே, கடல்கடந்து வந்த கொள்வனவாளரின் தொகையைத் தனியே எண்ணி வெளியிடுவர். 2023ஆம் ஆண்டு வசந்தகாலச் சந்தைக்கு ஏறக்குறைய 1 இலட்சத்து 29 ஆயிரம் பேரும், 2024ஆம் ஆண்டு வசந்தகாலச் சந்தைக்கு 2 இலட்சத்து 46 ஆயிரம் பேரும் அவ்வாறு வந்தனர். வேடிக்கை பார்க்க வந்தோர் அதிற் சேரமாட்டார். அமெரிக்காவிலே பொருட்காட்சித் தொழிலை ஆராய்வோர் வருகையை மட்டும் எடுப்பதில்லை. விற்ற இடப்பரப்பு, கடை போட்டோர் தொகை, வருமானம் ஆகிய மூன்றையும் அதனோடு சேர்த்தே சுட்டெண் வகுக்கின்றனர்.

இவ்வளவையும் கூறி முடித்தபின், பின்வாங்கு மாணவனை எழுப்பி, "உன் தந்தையாரின் கடையிலே கூட்டம் எப்படி?" என்று கேட்டோம்.

அவன் சற்றுத் தயங்கி விடை கூறினான். சனிக்கிழமை மாலை தந்தையாருக்குத் தேநீர் குடிக்கவும் நேரமில்லையாம். சுளகையும் நீத்துப்பெட்டியையும் கையில் எடுத்துப் பார்த்தோர் பலர். படம் பிடித்தோர் பலர். தம் பாட்டியாரின் நினைவு வருகின்றது என்று சொல்லிச் சென்றோர் சிலர். வாங்கியோர் மிகச் சிலர். இரவு பணத்தை எண்ணியபோது கடை வாடகைக்கும் அது போதவில்லை. வெள்ளிக்கிழமை காலை, திடல் ஆளற்றிருந்த வேளையிலே, கொழும்பிலிருந்து வந்த ஓர் அம்மையார் மட்டும் ஒரு சிறு பெட்டியை வாங்கி, நூறு வாங்கினால் என்ன விலை என்று கேட்டு, தொலைபேசி எண்ணையும் எழுதிக்கொண்டு போனாராம்.

"அந்த வெள்ளிக்கிழமை காலையைத்தான் நாம் எண்ண வேண்டும்" என்றோம். முதல் மாணவன் தலையசைத்தான். தான் அந்தக் கடைக்கு முன்னால் நின்று படம் பிடித்ததை அவன் ஒப்புக்கொண்டபோது வகுப்பு மறுபடியும் சிரித்தது.

மாசி பிறந்து சில நாட்களின் பின் பின்வாங்கு மாணவனை வாசலிலே கண்டு, கொழும்பிலிருந்து அழைப்பு வந்ததா என்று வினவினோம். வந்ததாம். நூறு அன்று, நாற்பது பெட்டிகளுக்கு. வீட்டிலே தாயாரும் தமக்கையாரும் இரவிலே விளக்கின் கீழிருந்து ஓலை வார்ந்துகொண்டிருக்கின்றார்களாம். அடுத்த தையிலும் கடை போடுவதா என்பதைத் தந்தையார் இன்னும் தீர்மானிக்கவில்லையாம். நாற்பது பெட்டிகளும் போய்ச் சேர்ந்து, காசு கைக்கு வந்த பிறகு யோசிப்போம் என்றாராம்.