முகமூடி போடலாம்... தப்பிக்கத்தான் கூடாது!

வாட்ஸ்அப் வருவதற்கு வெகுகாலம் முன்பே உலகத்தைக் கூடிப் பேச வைத்தது ஐ.ஆர்.சி. 1988-ல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்காரினென் உருவாக்கிய அரட்டை முறை இது. மென்பொருள் எழுதுபவர்கள் பலர் இன்றும் இங்கேதான் சந்தித்துக்கொள்கிறார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அரட்டை அறைக்குள் நுழைந்தால், உங்கள் பட்டப்பெயரோடு இணைய முகவரியும் மற்றவர்களுக்குத் தெரியும். அதை வைத்து நீங்கள் எந்த நிறுவனத்தின் இணைப்பில் இருக்கிறீர்கள், ஏறக்குறைய எந்தப் பகுதி என்று ஊகிக்கலாம். வாக்குவாதத்தில் கோபித்துக்கொண்ட ஒருவர், அந்த முகவரிக்குத் தகவல்களை வெள்ளமாக அனுப்பி உங்கள் இணைப்பையே முடக்கலாம்.

அதனால்தான் பல வலையமைப்புகள் முகவரியை மறைத்து, வேறொரு அடையாளத்தைக் காட்டுகின்றன. இதற்கு 'க்ளோக்' என்று பெயர். நிஜப்பெயருக்குப் பதில் டோக்கன் எண் கொடுப்பது மாதிரி.

சரி, அறையில் ஆபாசமாகப் பேசி வெளியேற்றப்பட்டவர், வேறு டோக்கனோடு திரும்பி வந்தால்?

இதைத் தடுக்க மூன்று வழிகள்:

மாறாத முகமூடி: ஒரே முகவரிக்கு எப்போதும் ஒரே முகமூடிதான் கிடைக்கும். எனவே, முகமூடியைத் தடை செய்தாலே ஆளைத் தடுத்த மாதிரி.

ரகசியச் சாவி: பழைய வகை இணைய முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடிதான். கணினியால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து நிஜ முகவரியைக் கண்டுபிடித்துவிட முடியும். வலையமைப்பு மட்டுமே அறிந்த சாவியைச் சேர்த்து முகமூடி தயாரித்தால் அது நடக்காது. சாவி கசிந்தால், எல்லோருடைய முகமூடியும் கழன்றுவிடும்!

இரட்டைச் சோதனை: 'அண்டர்நெட்' வலையமைப்பில் கணக்கில் நுழைந்தவருக்கே முகமூடி, அதில் கணக்கின் பெயரும் இருக்கும். முன்பே நிஜ முகவரிக்குத் தடை இருந்தால், முகமூடி போட்டாலும் செல்லாது.

வி.பி.என் மூலம் நிஜ முகவரியையே மாற்றி வருபவர்களை இவற்றால் முழுமையாகத் தடுக்க முடியாது. அப்போது, பதிவு செய்த கணக்குகளை மட்டும் அறைக்குள் அனுமதிப்பார்கள் நிர்வாகிகள்.

நீங்கள் ஐ.ஆர்.சி-க்குப் போனால், முதலில் கணக்கில் நுழையுங்கள். முகமூடி வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே அறைக்குள் செல்லுங்கள். அவசரப்பட்டு முன்னதாக நுழைந்தால், அந்தச் சில நொடிகளிலேயே நிஜ முகவரி எல்லோர் கண்ணிலும் பட்டுவிடும்.