பெண்கள் நெடுந்தொலைவு ஓட்டம்

பெண்கள் நெடுந்தொலைவு ஓட்டம் என்பது தடகள விளையாட்டில் மிகவும் தாமதமாக ஏற்கப்பட்ட பிரிவுகளுள் ஒன்றாகும். ஆண்களுக்கான மாரத்தான் 1896இல் ஏதென்சில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்றது. பெண்களுக்கான மாரத்தான் 1984இல்தான் சேர்க்கப்பட்டது. இந்த 88 ஆண்டு இடைவெளிக்குக் காரணம் பெண்களின் இயலாமை அன்று. நீண்ட தூரம் ஓடினால் பெண்ணுடல் தாங்காது என்று, எவரும் சோதித்துப் பார்க்காமலே நிலவிய நம்பிக்கைதான் காரணம்.

தொடக்க காலம்

1896 ஒலிம்பிக்கில் பெண்கள் எவரும் பங்கேற்கவில்லை. 1900இல் பாரிசில் டென்னிஸ், கோல்ஃப் போன்ற சில விளையாட்டுகளில் மட்டும் அவர்களுக்கு இடம் கிடைத்தது. தடகளம் மூடியே இருந்தது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஆலிஸ் மிலியா 1921இல் பெண்களுக்கெனப் பன்னாட்டு விளையாட்டுக் கூட்டமைப்பைத் தொடங்கி, 1922இல் பாரிசில் தனிப் போட்டிகளையும் நடத்தினார். இம்முயற்சிகளின் விளைவாக, 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஐந்து தடகளப் போட்டிகள் அனுமதிக்கப்பட்டன. அவற்றுள் மிக நீண்டது 800 மீட்டர் ஓட்டம்.

1928ஆம் ஆண்டின் 800 மீட்டர் ஓட்டம்

இறுதிப் போட்டியில் ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 நொடிகளில் ஓடி உலக சாதனையுடன் தங்கம் வென்றார். ஜப்பானின் கினுவே ஹிதோமி இரண்டாம் இடமும், சுவீடனின் இங்கா ஜென்ட்செல் மூன்றாம் இடமும் பெற்றனர். ஓடிய ஒன்பது பேரும் எல்லைக்கோட்டைக் கடந்தனர்.

ஆனால் செய்தித்தாள்கள் வேறுவிதமாக எழுதின. பலர் பாதியில் நின்றுவிட்டதாகவும், மற்றவர்கள் மயங்கி விழுந்ததாகவும் செய்திகள் வெளியாயின. ஓடி முடித்த களைப்பில் ஆண்கள் தரையில் சாய்வது கடும் முயற்சியின் அடையாளமாகக் கருதப்பட்டது. பெண்கள் சாய்ந்தபோது அதுவே பலவீனத்தின் சான்றாகக் காட்டப்பட்டது. இதன்பின் 32 ஆண்டுகள் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 200 மீட்டருக்கு மேற்பட்ட ஓட்டம் எதுவும் நடத்தப்படவில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில்தான் 800 மீட்டர் மீண்டும் வந்தது.

பாஸ்டன் மாரத்தான்

1966இல் பாபி கிப் என்னும் அமெரிக்கப் பெண் பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பித்தார். அவ்வளவு தூரம் ஓடப் பெண்களின் உடலால் இயலாது என்று கூறி விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அவர் தொடக்கக் கோட்டருகே புதரில் மறைந்திருந்து, ஓட்டம் தொடங்கியதும் கூட்டத்தில் கலந்து, சுமார் 3 மணி 21 நிமிடங்களில் ஓடி முடித்தார்.

மறு ஆண்டு கேத்ரின் சுவிட்சர், பெயரின் முதலெழுத்துகளை மட்டும் எழுதிப் பதிவுசெய்து, 261ஆம் எண்ணைப் பெற்று ஓடினார். போட்டி அலுவலர் ஒருவர் வழியில் பாய்ந்து வந்து அந்த எண்ணைப் பிடுங்க முயன்றார். அக்காட்சி ஒளிப்படமாக உலகெங்கும் பரவியது. சுவிட்சர் ஓட்டத்தை நிறுத்தாமல் முடித்தார். 1972இல் பாஸ்டன் மாரத்தான் பெண்களை முறைப்படி அனுமதித்தது. அவ்வாண்டு ஓடிய எட்டுப் பெண்களும் முழுத் தொலைவையும் கடந்தனர். நீனா குஸ்சிக் முதலிடம் பெற்றார்.

ஒலிம்பிக்கில் மாரத்தான்

1984 லாஸ் ஏஞ்சல்சில் நடந்த முதல் பெண்கள் ஒலிம்பிக் மாரத்தானில் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 நொடிகளில் வென்றார். அதே ஓட்டத்தில் சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் கடும் வெப்பத்தால் தள்ளாடியபடி மைதானத்துக்குள் வந்தார். மருத்துவர்கள் அருகிலேயே கவனித்து வர, தாமே நடந்து 37ஆவதாக முடித்தார். 1928இல் போல இம்முறை அதைக் காட்டிப் போட்டி நீக்கப்படவில்லை. வெப்பம் யாரையும் தாக்கும் என்பது புரிந்துகொள்ளப்பட்டிருந்தது.

பின்னர் 10,000 மீட்டர் 1988இலும், 5,000 மீட்டர் 1996இலும், 3,000 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம் 2008இலும் பெண்களுக்குச் சேர்க்கப்பட்டன.

இன்றைய நிலை

உலக நாடுகாண் ஓட்டப் போட்டியில் மூத்தோர் பிரிவில் இருபாலருக்கும் ஒரே தொலைவு 2017இல்தான் வந்தது. ஒலிம்பிக்கில் ஆண்களுக்குப் பத்துப் போட்டிகள் கொண்ட டெக்கத்லானும், பெண்களுக்கு ஏழு போட்டிகள் கொண்ட ஹெப்டத்லானும் இன்றும் தொடர்கின்றன. எனினும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களின் மாரத்தான் முந்தைய நாளே முடிய, நிறைவு நாளில் பெண்களின் மாரத்தான் நடைபெற்றது. நெதர்லாந்தின் சிஃபான் ஹசன் 2 மணி 22 நிமிடம் 55 நொடிகளில் ஒலிம்பிக் சாதனையுடன் வென்றார். அதே ஒலிம்பிக்கில் அவர் 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்களிலும் வெண்கலம் பெற்றிருந்தார்.