வளைவில் படியும் பூக்கள்

அச்சுக்கு ஏற்றது தட்டையான தாள். தேநீர்க் கெண்டியோ வயிறு புடைத்து, மூக்கு நீண்டு, பிடி வளைந்து நிற்பது. அதன் உடம்பெங்கும் அச்சிட்ட பூக்கள் படர்ந்தது எப்படி?

1756-ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் அச்சாளர்களான ஜான் சாட்லரும் கய் கிரீனும் ஆறு மணி நேரத்துக்குள் 1,200-க்கும் மேற்பட்ட சுவர் ஓடுகளில் படம் அச்சிட்டதாகப் பிரமாணம் செய்தார்கள். பாண்ட உற்பத்தியாளர் ஜோசையா வெட்ஜ்வுட் தம் பாண்டங்களை அவர்களிடம் அனுப்பி அச்சிட்டு வாங்கினார். 1784 வாக்கில் இங்கிலாந்தின் பாண்டத் தொழில் நகரான ஸ்டோக்கில் இன்னொரு உற்பத்தியாளர் ஜோசையா ஸ்போட், மெருகுக்கு (பாண்டத்தின் கண்ணாடிப் பூச்சுக்கு) அடியிலேயே நீலப் படம் பதிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். தூரிகையால் தீட்டிய பாண்டத்தை வாங்க முடியாத நடுத்தர வீடுகளுக்கும் சித்திரத் தட்டுகள் வந்தன.

அந்த முறையில், செதுக்கிய செப்புத் தகட்டைச் சூடாக்கி, நீலம் தரும் கோபால்ட் கலந்த எண்ணெய் மையைப் பூசி வழித்து, மெல்லிய தாளில் படத்தை எடுப்பார்கள். ஈரம் காயுமுன் அதைக் கத்தரித்து, ஒருமுறை சுட்ட, மெருகிடாத பாண்டத்தில் ஒட்டி, விறைப்பான தூரிகையால் அழுத்தித் தேய்ப்பார்கள். நுண்துளைகள் மையை உறிஞ்சிக்கொள்ளும். நீரில் அலசினால் தாள் கழன்றுவிடும், படம் தங்கும். எண்ணெய் போகச் சுட்டு, மெருகில் முக்கி, மீண்டும் சூளையில் வைத்தால் நீலம் நிலைத்துவிடும்.

நுட்பமெல்லாம் ஒட்டும் இடத்தில்தான். வளைவில் தாள் மடியும், சுருங்கும், கிழியும். உடலளவுக்குத் துணி வெட்டும் தையல்காரரைப்போல, எந்தப் பூவை எங்கே பிரிப்பது, எந்தக் கொடியில் இணைப்பை மறைப்பது என்று கண்ணாலேயே அளந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பாண்டத்தின் அடியில் நிறுவனத்தின் முத்திரை இருக்கும். ஒட்டியவரின் பெயர் இராது.

இன்று தலைக்கவசங்களுக்கும் கார் பாகங்களுக்கும் நீரில் மிதக்கும் அச்சுப் படலத்தில் பொருளை முக்கிக் கோலம் ஏற்றுகிறார்கள். நீரின் அழுத்தமே வளைவுக்கேற்பப் படலத்தைப் படியவைக்கிறது. என்றாலும் குழிவுகளில் கோலம் இழுபடுவதுண்டு. எந்தக் கோணத்தில் முக்குவது என்பதை இங்கும் அனுபவமே சொல்கிறது.

ஸ்டோக்கின் மிடில்போர்ட் ஆலையில் பர்லி நிறுவனம் தாள் ஒட்டும் பழைய முறையை இன்னும் கைவிடவில்லை. இதைப் போற்ற வேண்டும். செப்புத் தகடுகளை அருங்காட்சியகத்தில் வைத்துக் காக்கலாம். விரல்களின் பழக்கமோ, ஒருவர் அருகில் நின்று மற்றவர் கற்கும்வரைதான் வாழும்.