குண்டு இல்லாத துப்பாக்கி

"குண்டு இல்லை என்று நினைத்தேன்."

கை தவறிச் சுட்டுவிட்டவர்கள் போலீசாரிடம் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான். அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருப்பார்கள். குண்டு இருக்கிறது என்று தெரிந்தே ஒருவன் துப்பாக்கியைத் தன் தம்பியின் நெஞ்சுக்கு நேரே நீட்டி விளையாடுவானா? ஆகவே விபத்தை உண்டாக்குகிற துப்பாக்கி அநேகமாக இந்தக் 'குண்டு இல்லாத' துப்பாக்கிதான்!

நம் ஊரில் துப்பாக்கி ஏது, இதற்கு எதற்கு ஒரு கட்டுரை என்று வாசகர்கள் கேட்கலாம். பாங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியின் கையில் இருப்பது என்ன? தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கும்படி உத்தரவு வருகிறதே, அவை யாருடையவை? மலையோரக் கிராமங்களில் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் பிடிபட்ட செய்தி எத்தனை முறை வந்திருக்கிறது? என்.சி.சி.யில் சேர்ந்த பிள்ளைகள்கூட .22 ரைபிளைத் தோளில் அணைத்துக் குறி பார்க்கிறார்கள். துப்பாக்கி நமக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை.

ஒளிந்திருக்கும் ஒற்றைக் குண்டு

பிஸ்டலின் பிடிக்குள் குண்டுகளை அடுக்கிய ஒரு கூடு செருகியிருக்கும். அதை மாகசின் என்பார்கள். அதை உருவிவிட்டால் குண்டெல்லாம் வெளியே வந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் அதற்கு முன்பே ஒரு குண்டு மேலே ஏறிக் குழலின் அடியில் உட்கார்ந்திருக்கலாம். அந்த ஒன்று போதும்.

காலி செய்யும் வரிசையிலும் ஒரு விபரீதம் இருக்கிறது. முதலில் மாகசினை உருவ வேண்டும். பிறகு மேல்மூடியைப் பின்னால் இழுத்து, உள்ளே இருக்கும் குண்டை வெளியே தள்ள வேண்டும். இதை முன்பின்னாக மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? மூடியை இழுத்ததும் ஒரு குண்டு துள்ளி விழும். 'அப்பாடா, போயிற்று' என்று மனம் நிம்மதி அடையும். ஆனால் அந்த மூடி திரும்ப முன்னால் போகும்போதே, மாகசினில் இருக்கும் அடுத்த குண்டைத் தள்ளிக்கொண்டு போய் உள்ளே வைத்துவிடும்! அதற்குப் பிறகு மாகசினை உருவிக்கொண்டு, குண்டு இல்லை என்று நிரூபிப்பதற்காக விசையை அழுத்துகிறார் நம் ஆசாமி.

வேலை தெரிந்த போலீசாரும் சிப்பாய்களும்கூடக் களைப்பிலும் அவசரத்திலும் இப்படித் தவறியதுண்டு. அதனால்தான் காவல் மாறும் இடங்களில் மணல் நிரப்பிய வாளியோ தொட்டியோ வைக்கிறார்கள். முனையை மணலுக்கு நேரே காட்டிக்கொண்டுதான் காலி செய்ய வேண்டும். தவறிச் சுட்டாலும் குண்டு மணலோடு போகும். காலி செய்த பிறகு கண்ணால் பார்ப்பதோடு விடாமல், விரல் நுனியால் தடவியும் பார்க்கச் சொல்வார்கள். இருட்டில் கண் ஏமாறும். விரல் அவ்வளவு சுலபத்தில் ஏமாறாது.

அமெரிக்க மரீன் படையில் லெப்டினன்ட் கர்னலாக இருந்த ஜெஃப் கூப்பர் என்பவர் 1976ல் அரிஜோனா மாநிலத்தில் ஒரு துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அவர் வகுத்த நான்கு விதிகளைத்தான் இன்று உலகின் பல பாகங்களிலும் சொல்லிக் கொடுக்கிறார்கள். எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் குண்டு போட்ட துப்பாக்கியே என்று வைத்துக்கொள். அழிக்கத் துணியாத எதன் பக்கமும் முனையைத் திருப்பாதே. குறி கண்ணுக்கு நேரே வந்து நிற்கும்வரை விசையில் விரலை வைக்காதே. எதைச் சுடுகிறாய், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் சுடாதே. இவ்வளவுதான். இதில் அழகு என்னவென்றால், ஒரு விதியை மறந்தாலும் இன்னொன்று காப்பாற்றும். முனை மண்ணைப் பார்த்திருந்தால் தவறி வெடித்த குண்டு மண்ணோடு போயிற்று.

விரலைப் பற்றிய விதியைச் சாமானியமாக நினைக்க வேண்டாம். தடுக்கி விழும்போது உங்கள் கை என்ன செய்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? எதையாவது பற்றிக்கொள்ளத் தானாகவே இறுகும். திடுக்கிட்டாலும் அப்படித்தான். அந்த நேரத்தில் விரல் விசைமேல் இருந்தால், சுடுவது மனிதன் அல்ல, அவனுடைய பயம்.

சினிமாவில் நடந்தவை

வேடிக்கைக்காகக் கையில் எடுத்த துப்பாக்கி உயிரைக் குடித்ததற்குச் சினிமா உலகில் இரண்டு பெரிய உதாரணங்கள் உண்டு. புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ, 'தி குரோ' என்ற படத்தில் நடித்துக்கொண்டிருந்தபோது, 1993 மார்ச் 31ந் தேதி படப்பிடிப்பிலேயே சுடப்பட்டு இறந்தார். வயது 28. எப்படி நடந்தது? முதலில் ஒரு காட்சிக்காக, மருந்து நீக்கிய போலித் தோட்டாவைப் போட்டிருந்தார்கள். மருந்தை எடுத்தவர்கள் அடியில் இருந்த கேப்பை விட்டுவிட்டார்கள். அந்தச் சிறு வெடிப்பே ஈயக் குண்டைத் தள்ளிக் குழலுக்குள் பாதி வழியில் சிக்க வைத்துவிட்டது. குழலை யாரும் பார்க்கவில்லை. பிறகு வேறொரு காட்சிக்கு, மருந்து மட்டும் உள்ள வெற்றுத் தோட்டாவைப் போட்டுச் சுட்டார்கள். இதில் குண்டு இல்லை. குண்டு ஏற்கெனவே உள்ளே காத்திருந்தது!

இன்னொன்று 2021 அக்டோபர் 21ந் தேதி, நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில். நடிகர் அலெக் பால்ட்வின் கையில் இருந்த ரிவால்வர் வெடித்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். டைரக்டரும் காயமடைந்தார். குண்டு இல்லாத துப்பாக்கி என்று சொல்லித்தான் அதைக் கொடுத்திருந்தார்கள். உள்ளே உண்மைக் குண்டு இருந்தது. போலித் தோட்டாவைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை அல்ல. பலவற்றின் பக்கத்தில் துளை போட்டிருக்கும். சிலவற்றினுள்ளே ஒரு சிறு இரும்புக் குண்டுமணி கிடக்கும், காதருகே ஆட்டினால் கலகலக்கும். ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டிப் பார்க்க இரண்டு நிமிஷம் ஆகுமா? ஆயுதங்களுக்குப் பொறுப்பாயிருந்த பெண்மணிக்கு 2024ல் 18 மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள்.

நம் நாட்டிலும் 2024 அக்டோபர் 1ந் தேதி விடியற்காலையில், மும்பையில் ஹிந்தி நடிகர் கோவிந்தாவின் காலில் அவருடைய சொந்த ரிவால்வரின் குண்டே பாய்ந்தது. எடுத்து வைக்கும்போது கைநழுவி விழுந்து வெடித்ததாக அப்போது சொன்னார்கள். விழுந்தாலே வெடிக்குமா என்று பலர் ஆச்சரியப்பட்டார்கள். சில மாதிரிகளில் வெடிக்கும். 1873ல் வந்த கோல்ட் ரிவால்வரில் குதிரை நேரே தோட்டாவின் அடியை ஒட்டியே இருக்கும். தரையில் குதிரை மோதினால் போதும், விசையை யாரும் தொட வேண்டியதில்லை. அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஆறு குழியில் ஐந்துக்கு மட்டும் குண்டு போட்டு, குதிரைக்கு நேரே உள்ள குழியை வெறுமையாக விட்டார்கள். சரியாக நூறு வருஷம் கழித்து, 1973ல், ரூகர் கம்பெனி இந்த ஜாதி ரிவால்வரில் நடுவே ஒரு சிறு தகட்டைப் பொருத்தியது. விசையை இழுத்துப் பிடித்தால் ஒழிய குதிரையின் அடி தோட்டாவுக்குப் போய்ச் சேராது. இருந்தாலும் பழைய மாதிரிகள் இன்னும் எத்தனையோ பெட்டிகளில் தூங்குகின்றன.

நாட்டுத் துப்பாக்கியின் கதை தனி. வாய் வழியாகக் கரிமருந்தையும் ரவையையும் கெட்டித்து, கேப்பு வைத்துச் சுடுவது அது. ஒருமுறை கெட்டித்துவிட்டால் சுட்டுத் தீர்ப்பதுதான் சுலபமான வழி என்பதால், கெட்டித்தபடியே கூரையில் செருகி வைத்துவிடுவார்கள். பிறகு குழலைப் பிடித்துத் தம் பக்கமாக இழுப்பார்கள். குதிரை எதிலாவது மாட்டிக்கொள்ளும். அப்புறம் சொல்ல வேண்டுமா? விசையை அழுத்தியும் வெடிக்காமல் போனால் இன்னும் ஆபத்து. ஈர மருந்து சில வினாடி கழித்துக்கூடப் பிடித்துக்கொள்ளும். ஒரு நிமிஷமாவது முனையை ஆளில்லாத திசையில் பிடித்தபடி நிற்க வேண்டும். உடனே குழலுக்குள் எட்டிப் பார்ப்பவனை யாராலும் காப்பாற்ற முடியாது. லைசென்ஸ் இல்லாமல் இதை வைத்திருப்பதே 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி குற்றம்.

லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில், சாவி பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில். 'பீரோவுக்கு மேலே வைத்திருக்கிறேன், பையனுக்குத் தெரியாது' என்பார்கள். பையனுக்குத் தெரியும். தீபாவளிக்கு வாங்கிய பொட்டு வெடித் துப்பாக்கிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் அவனுக்குத் தெரியாது. 12 போர் துப்பாக்கி வைத்திருப்பவர்கள், பக்கத்தில் 20 போர் தோட்டாவைக் கலந்து வைக்கவே கூடாது. சிறிய தோட்டா உள்ளே வழுக்கிப் போய்ச் சிக்கிக்கொள்ளும். காலியென்று நினைத்துப் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துக் கையைக் கொண்டுபோய்விடும்.

வடக்கே உத்தரப் பிரதேசம், பீகார் பக்கங்களில் கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுகிற வழக்கம் இருக்கிறது. மேலே போனது கீழே வந்துதானே ஆக வேண்டும்? மாப்பிள்ளையே பலியான கல்யாணங்கள் உண்டு. 2019ல் சட்டத்தைத் திருத்தி, இப்படிக் கொண்டாட்டத்துக்காகச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று விதித்தார்கள்.

குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பிள்ளைகள் பழகும் .22 குண்டே ஒரு மைலுக்கு மேல் போகக்கூடியது. 2021 டிசம்பர் 30ந் தேதி புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் ஒரு சிறுவன் வீட்டில் இருந்தான். அருகே பசுமலைப்பட்டியில் உள்ள சுடும் பயிற்சித் தளத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து வந்த குண்டு அவன் தலையில் பாய்ந்தது. சில நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தான். துப்பாக்கியை அவன் பார்க்கக்கூட இல்லை. சுட்டவரும் அவனைப் பார்க்கவில்லை. கூப்பர் சொன்ன நான்காவது விதி, 'பின்னால் என்ன இருக்கிறது' என்பது, இந்தப் பையனுக்காகத்தான்.

நமக்கு அன்றாடம் எதிர்ப்படுவது பாங்கிக் காவலாளியின் துப்பாக்கி. அடுத்த முறை போகும்போது அதன் முனை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். வரிசையில் நிற்பவர்களின் இடுப்புக்கு நேரே இருந்தால், "அண்ணே, முனையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிப் பிடியுங்களேன்" என்று சொல்லலாம். "குண்டு இல்லை சார்" என்று அவர் சிரிப்பார். பரவாயில்லை, திருப்பும்வரை நின்று கேளுங்கள்.