அளந்து பார்த்தோமா?

"வரிச் சீட்டா? கட்டிவிட்டு வாயை மூடிக்கொள்!" என்று பழக்கப்பட்டவர்கள் நாம். தோழர்களே, சீட்டில் இருப்பதெல்லாம் வேதவாக்கா?

2022 ஏப்ரலில் தமிழகத்தில் சொத்து வரி உயர்த்தப்பட்டது. பழைய சென்னை மாநகர எல்லைக்குள், 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு உயர்வு 50 விழுக்காடு. 601 முதல் 1,200 வரை 75 விழுக்காடு. ஒரே ஓர் அடி! அரையாண்டுக்கு 400 ரூபாய் கட்டிய தொழிலாளி, கோட்டுக்கு இப்பால் இருந்தால் 600 கட்டுவார். அப்பால் தள்ளப்பட்டால் 700. ஆண்டுக்கு இருமுறை நூறு ரூபாய், உழைப்பாளி வீட்டில் சிறு தொகையா?

வரியே கூடாது என்பதல்ல நம் பேச்சு. தெருவிளக்கு அந்தப் பணத்தில்தான் எரிகிறது. கணக்குச் சரியா என்றுதான் கேட்கிறோம்.

ஆகவே அளவு நாடாவை எடுங்கள். சுவரையும் சேர்த்தே அளக்க வேண்டும். அறைக்குள் மட்டும் அளந்து கொண்டுபோய் நின்றால் அலுவலகத்தில் சிரிப்பார்கள்! சொந்தக் குடியிருப்பை வாடகை வீடென்று எழுதியிருக்கிறார்களா? முன்பக்கத்துப் பெட்டிக்கடையைக் காட்டி முழு வீட்டையும் வணிகக் கட்டடமாக்கியிருக்கிறார்களா? பாருங்கள்.

பிழை இருந்தால் பத்திரம், வரைபடம், நிழற்படம் இணைத்து மண்டல அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், ஒப்புகைச் சீட்டுப் பெறுங்கள். அங்கே தீராவிட்டால் மேல்முறையீடு உண்டு. அதற்குக் கெடுவும் உண்டு. மனுப் போட்டாயிற்றென்று வரியை நிறுத்திவிடாதீர்கள், தாமதத்துக்கு வட்டி ஏறும்.

கிளைத் தோழர்களே, எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் ஒருவரேனும் உங்கள் தெருவில் இருப்பார். இந்த ஞாயிறன்று அவர் சீட்டையும் வாங்கிப் பாருங்கள்.