வள்ளியம்மாவின் பேரன்

'ராப்' பாட்டா? வாலிபர்களின் கூச்சல் என்று முகத்தைச் சுளிக்காதீர்கள், சகோதரிகளே! நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கிரிவலம் போனபோது, அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடைப் பெஞ்சியில் கால் ஆற உட்கார்ந்தேன். அண்ணன் மகன் தன் கைபேசியை என் காதோடு வைத்தான். 2024-ல் வெளிவந்த 'வள்ளியம்மா பேராண்டி' பாட்டுத் தொகுப்பு!

பாடியவர் அரக்கோணத்துக்காரரான அறிவு. வள்ளியம்மா அவருடைய பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், அத்தகைய குடும்பங்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்குப் போட்டது. அவர்களை யார் கலந்துகொண்டார்கள்?

குறை இல்லாமல் இல்லை. சொற்கள் கொட்டுகிற வேகத்தில் பாதி காதில் நிற்கவில்லை. இரண்டாம் முறை கேட்டபோதுதான் பிடிபட்டது. பிடிபட்டதும் டீ ஆறிப் போனதே தெரியவில்லை.

"உங்க பாட்டி எந்த ஊரில் பிறந்தாங்க, அத்தே?" என்றான் பையன்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. தாத்தாவின் படத்துக்கு மாலை போடுகிறோம். பாட்டியின் ஊரைக் கேட்டு வைக்கவில்லையே!

உங்கள் வீட்டில் பாட்டி இருக்கிறாரா? இன்றிரவே கேட்டுவிடுங்கள்.