ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண்

சானமாவுக் காட்டுச் சாலை வழியாக ஓசூருக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கு நாள் என்பது எட்டு மணி நேரமாக மூன்று கூறு. 24 மணி நேரம் மூன்றால் மீதியில்லாமல் வகுபடுகிறது, அதனால் இது சாத்தியமாகிறது. ஓசூரில் டைட்டன் செய்யும் கைக்கடிகாரத்தின் முகப்பில் இருக்கும் 12, 60 ஆகியவையும் இதே குணம் கொண்டவை. பாதி, கால், மூன்றில் ஒரு பங்கு என்று எப்படிப் பிரித்தாலும் முழு எண்ணே கிடைக்கும்.

60க்கு 12 காரணிகள்: 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இப்படித் தனக்கு முந்திய எல்லா எண்களையும் காரணிக் கணக்கில் மிஞ்சும் எண்ணை 'உயர் பகு எண்' என்கிறோம். 12, 24, 60, 360 எல்லாம் அந்த வகை. ஒரு மணி நேரத்தில் உள்ள 3,600 விநாடிக்கு அந்தத் தகுதி இல்லை. அதற்குக் காரணிகள் 45. அதைவிடச் சிறிய 2,520க்கே 48 உண்டு.

இந்த எண்களுக்குப் பெயர் வைத்து, அவற்றின் உள்கட்டமைப்பை முதன்முதலாக விரிவாக ஆராய்ந்தவர் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன். 1914இல் கேம்பிரிட்ஜ் போனவர், அடுத்த ஆண்டே லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் இதைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டார். 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது இதற்காகத்தான். கழகத்தின் பணமுடையால் அச்சேறாமல் நின்ற பகுதியை நிக்கோலா, ரோபன் என்ற இரு பிரெஞ்சுக் கணிதர்கள் 1997இல் வெளியிட்டார்கள்.

காரணிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. எண்ணைப் பகா எண்களாகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டி, எல்லாவற்றையும் பெருக்கினால் போதும். 60 = 2² × 3 × 5; ஆகவே 3 × 2 × 2 = 12. இதிலிருந்தே ஓர் ஒழுங்கு பிறக்கிறது. 2 × 3³ என்பது 54, 2³ × 3 என்பது 24. இரண்டுக்கும் காரணிகள் எட்டுதான். அதே எட்டு 24லேயே கிடைக்கும்போது 54 எதற்கு? ஆகவே உயர் பகு எண்ணில் சிறிய பகா எண்ணின் அடுக்கு ஒருபோதும் பெரியதன் அடுக்குக்குக் குறையாது. இடையில் எந்தப் பகா எண்ணும் விடுபடாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1. விலக்கு 4, 36 இரண்டு மட்டுமே. எண்கள் முடிவில்லாமல் போய்க்கொண்டிருக்க, விலக்கு இரண்டோடு நின்றுவிடும் என்று நிரூபிக்க முடிவதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

கணினி இல்லாத அந்தக் காலத்தில் ராமானுஜன் தந்த பட்டியல் 67,46,32,83,88,800 வரை போகிறது. கிட்டத்தட்ட ஆறே முக்கால் லட்சம் கோடி! அதன் கட்டமைப்பு 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. காரணிகள் 10,080.

இடையில் ஒரே ஓர் எண் அவர் கண்ணுக்குத் தப்பிவிட்டது: 2,93,31,86,25,600. பட்டியலின் கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் சரியாக இதுதான் வரும். இதற்குக் காரணிகள் 5,040. பட்டியலில் இடம்பெற்றவற்றை விட இந்த விட்டுப்போன எண்ணே அழகு என்பேன். காரணிகளின் எண்ணிக்கைக்கு எத்தனை காரணிகள் என்று கேட்டுக்கொண்டே இறங்கிப் பாருங்கள். கடைசி எண்ணில் 10,080க்குப் பிறகு 72 வருகிறது. 60க்கும் 72க்கும் காரணிகள் பன்னிரண்டுதான் என்பதால் 72 உயர் பகு எண் ஆகாது. வரிசை அங்கேயே அறுபடுகிறது. விட்டுப்போன எண்ணிலோ 5,040, 60, 12, 6, 4, 3, 2 என்று இறங்குகிறது. இவற்றில் 3ஐத் தவிர மற்ற எல்லாமே உயர் பகு எண்கள்.